பூநாரைகளும் இரண்டு வெள்ளை விரிப்புகளும்

குருநகரில் அற்புதராணியின் ஒழுங்கையில் பதினேழு வீடுகள். அந்தப் பதினேழு வாசல்களையும் தாண்டி ஊன்றுகோலுடன் நடக்க அவள் கணவர் லெனாட் மறுத்துவிட்டார். அதனால்தான் ஒரு கூடாரம் வாங்க வேண்டி வந்தது.

லெனாட் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் பாரிசவாதம் இடப்பக்கத்தைப் பிடித்தது. கை மெல்லத் திரும்பியது, கால் பாதிதான் திரும்பியது. நடந்தால் மிச்சமும் வரும், நடக்காவிட்டால் வந்ததும் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நடக்க லெனாட் தயார்தான். ஆனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு நல்லாய் நடக்கிறீங்கள் அண்ணை" என்று ஆளுக்காள் சொல்வதைக் கேட்கத் தயாரில்லை.

அற்புதராணி ஆசுபத்திரி வார்ட்டில் வேலை பார்த்து, பிறகு முதியோர் பராமரிப்புப் பயிற்சியும் எடுத்து, கட்டிலோடு கிடந்த பலரை எழுப்பி இருத்தியவள். நோயாளியோடு வாதாடி நேரத்தை வீணாக்கும் பழக்கம் அவளிடம் இல்லை. ஆட்கள் பார்ப்பதுதான் தடை என்றால், ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போக வேண்டியதுதான். அறுபத்தொரு வயதில் ஓட்டோ ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். கூடாரம், காஸ் அடுப்பு, மருந்துப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் கதிரை எல்லாவற்றையும் பின்னால் ஏற்றி, அவற்றுக்கு நடுவே கணவனையும் இருத்தினாள்.

"கியரை மாத்து ராணி. எஞ்சின் அழுகுது."

"அழட்டும். பசஞ்சர் ரைவரோடை கதைக்கக் கூடாது எண்டு உங்கடை பஸ்ஸிலை எழுதிக் கிடந்ததுதானே."

மருந்தாகத் தொடங்கியது, மூன்று வருடத்தில் அவர்களுடைய சந்தோசமாகிவிட்டது. மாதத்தில் மூன்று நாள் எங்காவது போய்விடுவார்கள். மணற்காட்டில் சவுக்கு மரங்களின் கீழே படுத்திருந்து கடலைக் கேட்பார்கள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில், கீரியொன்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அச்சுவேலியில் செல்வநாயகியின் தோட்டத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். அவளுடைய தாயைக் கடைசி எட்டு மாதமும் பராமரித்தவள் அற்புதராணி. அங்கே திராட்சைப் பந்தலின் கீழே கூடாரம் அடித்து, காலையில் வெங்காயப் பாத்திகளின் ஓரமாக லெனாட் நடப்பார். செம்மண் பிடித்த காலுடன் திரும்பி வந்து அறிக்கை கொடுப்பார்.

"ஆறு பத்துக்கு மீன்கொத்தி. ஆறு இருபத்தைஞ்சுக்கு உடும்பு, கிணத்தடியிலை. மயில் இண்டைக்கு லேற்."

லெனாட்டுக்கு ஒரே ஒரு ஆசைதான் நிறைவேறாமல் கிடந்தது. வல்லைப் பாலத்தால் பஸ் ஓட்டிப் போன காலமெல்லாம், மாரிக்குப் பிறகு ஏரியில் தூரத்தே ஒரு வெளிர்சிவப்புக் கோடு தெரியும். பூநாரைகள். நிறுத்திப் பார்க்க முடியாது. பின்னால் அறுபது பேர், முன்னால் நேரம் குறிக்கக் காத்திருக்கும் ரைம்கீப்பர். அந்தப் பறவை எப்படிச் சாப்பிடுகிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பார்.

இந்தப் பருவத்தில் இரண்டு தடவை வல்லை வெளிக்கு வந்து ஏமாந்துவிட்டார்கள். இது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்து, வண்டிப்பாதை முடியும் ஏரிக்கரையில் ஒரு வேம்புக்கும் பூவரசுக்கும் இடையில் கூடாரத்தை அடித்தார்கள். புதன்கிழமை விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். தவக்காலத்தில் உல்லாசப் பயணம் போவதில்லை என்பது அற்புதராணியின் சட்டம். அது முடிந்து உயிர்த்த ஞாயிறு வரும்போது ஏரி வற்றியிருக்கும், பறவைகளும் போயிருக்கும். இருந்தவை திங்கள், செவ்வாய் என்ற இரண்டு காலைகள்தான்.

திங்கட்கிழமை விடிய அவள் வழக்கம்போல எழுந்து, வெள்ளை விரிப்புகள் இரண்டையும் உருவி வெளியே கொண்டுபோய்ப் பலமாக உதறி, மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றில் போட்டாள். படுத்த விரிப்பு காலைக் காற்றும் வெயிலும் படாமல் மறுபடி படுக்கைக்கு வரக் கூடாது. அது வார்ட்டில் பழகியது. பிறகு லெனாட்டின் இடப்பக்கம் ஓரடி பின்னால் நின்று, அவர் இடுப்பில் கட்டிய பட்டியைப் பிடித்து நடத்தினாள். அதுவும் பழகியது. பத்தடி வைத்து லெனாட் நிமிர்ந்து பார்த்தபோது, பறவைகள் முழுக்க எழும்பி, மேலே வட்டமடித்து, ஏரியின் மறுகரைக்குப் போய்க்கொண்டிருந்தன. சிறகுகளின் உட்பக்கம் தீப்போலச் சிவந்து தெரிந்தது. அழகுதான். ஆனால் லெனாட் திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

"என்ரை நடையைக் கண்டுதான் பறக்குதுகள். ஒழுங்கையிலை ஆக்கள் பாக்கிறது காணாதெண்டு, இனி உதுகளுமோ. காணும் ராணி. கூடாரத்தை ஆருக்கும் குடுத்துவிடு. எனக்கு இனி நடையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

இனிப் போதும், காணும் என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனவர்களை அற்புதராணிக்குத் தெரியும். ஆறு மாதம் கிடந்தால் போதும். அதற்குப் பிறகு எழுப்ப நாலு பேர் வேண்டும். அன்று முழுக்க அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பின்னேரம், ஏரியில் இறால் பிடிக்கும் மயூரதன் கரையேறி வந்தான். நாற்பது வயது இருக்கும். இறால் பறிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற அற்புதராணியைப் பார்த்துச் சிரித்தான்.

"அன்ரி, குறை நினைக்காதையுங்கோ. அந்த ரெண்டு வெள்ளையையும் எதுக்குக் காலமை பிடிச்சு உதறுறியள்?"

"பெட்சீற் எண்டால் உதறத்தானே வேணும். ஏன்?"

"தண்ணிக்குள்ளை நிண்டு பாத்தனான். நீங்கள் உதறின உடனை பறவையள் எழும்பியிட்டுது. அங்கிள் அப்ப செருப்புக்கூடப் போடேல்லை. போன முறையும் உதுதான் நடந்தது. கயித்திலை கிடந்து அது ஆடுற வரைக்கும் ஒண்டும் திரும்பி வராது."

அற்புதராணி அகப்பையை வைத்துவிட்டு நேரே கணவனிடம் போனாள்.

"பிழை உங்கடை காலிலை இல்லை. என்ரை பெட்சீற்றிலை."

விசயத்தைக் கேட்டதும் லெனாட் தோள் குலுங்கச் சிரித்தார்.

"முப்பத்தொரு வருசம் ஹோர்ன் அடிச்சும் எழும்பாத பறவை, உன்ரை பெட்சீற்றுக்கு எழும்புது. ஆசுபத்திரியிலை நோயாளியள் என்ன பாடுபட்டிருப்பினம்."

"அவையும் எழும்பித்தான் நடந்தவை."

செவ்வாய் விடிந்தது. விரிப்புகள் கூடாரத்துக்குள்ளேயே கசங்கிக் கிடந்தன. அதைப் பார்க்காமலிருக்க அவள் வாசல் சிப்பை இழுத்து மூடினாள். பறவைகள் இக்கரையிலேயே நின்றன, இருநூறு இருக்கும். பட்டியை எடுத்துக்கொண்டு அவள் வந்தபோது லெனாட் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வேண்டாம். நீ வார்ட்டுக்குள்ளை நடக்கிற மாதிரி நடப்பாய். பறவையள் எழும்பியிடும்."

"விழுந்தால்?"

"சேறுதானே. சேறு நோகாது."

பயிற்சியில் இதற்கு அனுமதி இல்லை. ஆனாலும் அவள் கதிரையில் இருந்தாள். செய்ய ஒன்றுமில்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

லெனாட் கோலை ஊன்றினார். வலக்காலை வைத்தார். நின்றார். இடக்காலை இழுத்தார். நின்றார். இருபது அடிக்கு ஒரு தடவை இளைப்பாறினார். பாலத்தால் போன பஸ் ஒன்று நீட்டி ஹோர்ன் அடித்தது. ஒரு பறவையும் அசையவில்லை. ஒரு இடத்தில் அவர் சாய்ந்தபோது அற்புதராணி எழுந்தேவிட்டாள். அவர் கோலைப் பிடித்து நிமிர்ந்தார், அவள் மறுபடி இருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், கரையோரம் மேய்ந்த நாரையொன்றும் அப்படித்தான் நடந்தது. ஒரு அடி, ஒரு நிறுத்தம், பிறகு மற்ற அடி. பறவைகளுக்கு அந்த நடையில் பயப்பட ஒன்றுமில்லை. அவசரமாக நடப்பவர்கள்தான் அவற்றுக்கு எதிரிகள்.

இருநூற்று எழுபத்தாறு அடி. அவள் எண்ணினாள். அத்தனையும் தனியாக வைத்து, தண்ணீர் ஓரத்தில் அவர் நின்றார். பூநாரைகள் அவரைச் சுற்றி மேய்ந்தன. வெகுநேரத்துக்குப் பிறகு, திரும்பாமலே, முதுகுப் பக்கமாகக் கையை அசைத்து அவளைக் கூப்பிட்டார்.

அவள் நாலடி வைத்ததும் மூன்று கழுத்துகள் நிமிர்ந்தன. லெனாட் உள்ளங்கையைக் கீழே காட்டி அமர்த்தினார். அவள் நின்றாள். ஒரு கால், ஒரு நிறுத்தம், மற்றக் கால். அறுபத்துநாலு வயதில் அவளுக்கு நடை பழகுவது பெரும்பாடாக இருந்தது. பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் முகம் வியர்த்திருந்தது.

"தலையைப் பார்," என்று லெனாட் மூச்சுவிடும் சத்தத்தில் சொன்னார். "சொண்டைத் தலைகீழாய் வைச்செல்லோ அரிக்குது. உனக்குத் தெரியுமே உது?"

"இல்லை. தெரியாது."

நீண்ட கழுத்துகள் குனிந்து, வளைந்த அலகுகள் மல்லாந்து, இடமும் வலமும் தண்ணீரை அரித்துக்கொண்டே போயின. இரண்டு பேரும் சேற்றில் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள்.

"எட்டு மணிக்கு உங்கடை பிரஷர் குளிசை," என்றாள் அவள்.

"ஒன்பதுக்குப் போடுறன்."

அவள் பறவைகளைப் பார்த்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். மறுபடி பறவைகளைப் பார்த்தாள்.

"எட்டரை," என்றாள்.