ஷட்டர் மாமா மகள்

அப்பாவின் போனில் ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் தனியாக நாதஸ்வர ஒலி வைத்திருந்தார். அம்மா உட்பட மற்ற எல்லோருக்கும் சாதாரண டிரிங் டிரிங்தான். நாதஸ்வரம் கேட்டால் போதும், சோறு பிசைந்த கையோடு எழுந்து ஓடிப்போய் இடது கையால் எடுப்பார். அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை பேசுவாள். "சொல்லும்மா, எவ்ளோ நிக்குது?" என்று அப்பா கேட்கிற குரல் இருக்கிறதே, அந்தக் குரலில் அவர் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அவள் பெயர் சுகன்யா. என்னைப் போலவே ஆறாம் வகுப்பு. நான் அவளை மனதாரச் சபித்த காலம் அது.

எங்கள் ஊர் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. வயல்காட்டில் கால் மணி நேரம் நடந்தால் தமிழ்நாடு. பஸ்ஸில் டவுனுக்குப் போனால் நடுவில் இரண்டு முறை மாநிலம் மாறும், சீட்டு மட்டும் மாறாது. தண்ணீருக்கும் இந்த எல்லை தெரியாது. எங்கள் ஏரி நிரம்பினால் உபரி நீர் வடிகால் வாய்க்காலில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் நுழைந்து, அந்த மாநிலத்துக்குள் போய், அங்கே இருக்கிற ஒரு ஷட்டர் வழியாக ஆற்றில் சேரும். ஏரி மதகைத் திறக்கிற வேலை அப்பாவுக்கு. ஷட்டரைத் தூக்குகிற வேலை அந்தப் பக்கத்துத் துறையில் சுகன்யாவின் அப்பாவுக்கு. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ஷட்டர் மாமா.

அவர் ஷட்டரைத் தூக்காமல் இவர் மதகைத் திறந்தால் அவர்கள் ஊரின் பள்ளத் தெருவுக்குள் தண்ணீர் போய்விடும். இவர் திறக்காமலே இருந்தால் எங்கள் ஏரிக்கரை தாங்காது. முறைப்படி செய்வதென்றால் இங்கிருந்து ஒரு கடிதம் மேலே ஏறி, அடுத்த மாநிலத்துக்குப் போய், படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். அதற்குள் நெல் முளைத்துவிடும். அதனால் இருவரும் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். மழை நாளில் ஷட்டர் மாமா வெளியே போயிருந்தாலும் சுகன்யா வாய்க்கால் சுவரில் இருக்கிற அளவுக்கோட்டைப் பார்த்து அப்பாவுக்குச் சொல்லுவாள். எந்த ஆபீசிலும் எழுதி வைக்காத ஏற்பாடு.

அப்போது எனக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளுக்குக் கட்டிக்கொண்டு போகிற கொய்யாப்பழம்தான் தெரிந்தது. எனக்கு வாங்கிய அதே பூப்போட்ட குடையை அவளுக்கும் ஒன்று வாங்கினார். நான் கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வந்தபோது, அந்தப் பொண்ணு அளவுகோலை ஒரு சென்டிமீட்டர் பிசகாமல் படிக்குது என்றார். அன்றிலிருந்து என் குடையை நான் பிரிக்கவே இல்லை. நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனேன். ஏன் என்று அப்பா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மாதான் கேட்டாள், தலையைத் துவட்டியபடி, இரண்டு அடியும் கொடுத்து.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு மதகைத் திறப்பதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஏதாவது தடங்கல் என்றால் ஷட்டர் மாமா போன் செய்வார். போன் வராவிட்டால் திறக்கலாம். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக்கொட்டகையில். டிவி பெட்டி மேல் இருந்த போனில் நாதஸ்வரம் ஒலித்தது.

எடுத்தேன். சுகன்யாதான். மூச்சு வாங்கியபடி பேசினாள். ஆகாயத்தாமரை கும்பலாக வந்து ஷட்டரில் அடைத்துக்கொண்டதாம். அவள் அப்பா ஜேசிபி கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருக்கிறாராம்.

"ரெண்டு மணி நேரம் தொறக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லிடு. மறந்துடாத, இன்னா?"

மாமாவாம். என் அப்பா அவளுக்கு மாமா. மறந்துவிடாதே என்று எனக்கே புத்தி வேறு சொல்கிறாள். "சரி" என்று சொல்லி வைத்தேன். வந்த நம்பரையும் அழித்தேன். பாம்பு கேம் விளையாடி விளையாடி அந்த போனில் எனக்குத் தெரியாத பட்டன் கிடையாது.

அப்பா தலையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "போன் அடிச்சிதா?"

"ராங் நம்பர்."

நாதஸ்வரம் கேட்ட மாதிரி இருந்ததே என்றார். டிவியில் என்றேன். கரண்ட் போய் இரண்டு நாளாகியிருந்தது. கொட்டுகிற மழையின் அவசரத்தில் அவர் அதை யோசிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருநாளாவது அவள் பேச்சு எடுபடாமல் போகட்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. தண்ணீர் எங்கே போகும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் பள்ளத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பிரசவமாகி எட்டு நாள் ஆன ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிப் போனதாகவும், குழந்தையை அலுமினிய அன்னக்கூடையில் வைத்து ஒருவர் தலைமேல் சுமந்து போனதாகவும் ஊரெல்லாம் பேச்சு. சுகன்யாவின் வீடும் அந்தத் தெருவில்தான்.

மறுநாள் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஜீப்பில் வந்து வாய்க்கால் கரையில் நின்றார்கள். வீட்டில் இருக்கப் பயந்து நானும் அப்பாவின் பின்னாலேயே போயிருந்தேன். அங்கே பள்ளிக்கூடச் சுவர் மேல் நோட்டுகள் விரித்துக் காய வைத்திருந்தன. சுகன்யா தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடைப்பு இருப்பதை ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று ஒரு அதிகாரி ஷட்டர் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

ஷட்டர் மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "லைன் கெடைக்கல சார்" என்றார்.

பொண்ணுதானே எப்போதும் பேசும் என்று அப்பா குழப்பத்தோடு கேட்டார். சுகன்யா தலை நிமிராமல், "கெடைக்கல மாமா" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாள் என்பது அங்கே எனக்குத் தெரியும். ஏன் சொல்கிறாள் என்பது தெரியவில்லை. நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது. அதற்கு ஏற்றாற்போல் அப்பா அவள் தலையைத் தடவி, நீ இன்னாம்மா பண்ணுவே என்றார். தெருவையே மூழ்கடித்த பிறகும் எனக்குப் பொறாமை போகவில்லை. அந்தத் தலையில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷட்டர் மாமாவுக்கு மெமோ கொடுத்தார்கள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அது அப்பாவுக்கு வந்திருக்கும். பிள்ளைகளை நம்பி மதகு திறக்கிறார்களா என்று அந்த ஏற்பாட்டையே நிறுத்தியிருப்பார்கள். அதற்கப்புறம் கடிதம்தான், நெல் முளைப்பதுதான். இதையெல்லாம் யோசிக்க எனக்கு இன்னும் பத்து வருடம் தேவைப்பட்டது. அந்த வருடக் கடைசியில் இரண்டு ஆபீசும் கலந்து பேசி, மழைக்காலத்தில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தன. அதில் இருந்தது, வரிக்கு வரி, இவர்கள் இருவரும் செய்துகொண்டிருந்ததேதான்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து ஷட்டர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சட்டை மாற்ற உள்ளே போனார். நான் தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு ஓடப் பார்த்தேன். அவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே மழைன்னா உங்கப்பா போன நீயே வெச்சிக்கம்மா. அந்தப் பக்கம் சுகன்யா, இந்தப் பக்கம் நீ. செய்வியா?"

செய்வேன் என்றேன். அவளுடைய வேலையில் பாதியைப் பிடுங்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். அன்று போனில் சரி என்று சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் அந்த வேலையை என் கையில் கொடுத்தார் என்பது எனக்குத் துளியும் உறைக்கவில்லை.