நான் பெயர் வைத்த பாம்பு

பாலைவன உயிரினங்களைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்றை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. ஊட்டி பெர்ன்ஹில் வீட்டில் குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு உட்கார்ந்து, கொதிக்கும் மணலைப் பற்றி எழுதினேன். தேள், பல்லி, நரி எல்லாவற்றையும் சுலபமாகத் தாண்டினேன். ஒரு பாம்பிடம் நின்றுவிட்டேன். மணல் நிற உடம்பில் கறுப்பு வளையங்கள். அதற்குத் தமிழில் பெயரே இல்லை.

இல்லை என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு உயிருக்கு முதன்முதலாகத் தமிழ்ப் பெயர் வைக்கப்போகிறவன் நான். பாம்பென்றால் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. அகராதிகளைப் புரட்டி, உடம்பில் பட்டை, இருப்பிடம் பாலை என்று கூட்டி, ‘பட்டைப் பாலைப் பாம்பு’ என்று வைத்தேன்.

குன்னூர் தேயிலை ஃபாக்டரி ஆபீஸிலிருந்து வந்த மனைவியிடம் வாசலிலேயே சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, பட்டை போட்டுக் காய்ச்சுன பாலா?”

“பாலைன்னா பாலைவனம்.”

“உங்களுக்குத் தெரியுதுங்க. படிக்கிற கொழந்தைக்கு?”

மொழியின் நுட்பம் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்குப் புரியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, அன்றே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பதிப்பாசிரியரான பெண் சென்னையிலிருந்து கூப்பிட்டார். சிரிப்பை அடக்கிப் பேசுவது குரலிலேயே தெரிந்தது.

“சார், ஓவியர் படம் அனுப்பியிருக்கார். வாட்ஸப்ல பாருங்க.”

பார்த்தேன். பாம்பின் நெற்றியில் மூன்று விபூதிப் பட்டை. எதிரே கிண்ணம் நிறையப் பால். ஓவியரைக் குறை சொல்ல முடியாது; எழுதியிருந்ததை அப்படியே வரைந்திருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்க வசதியாகச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

தன்மானத்தை மடித்து வைத்துவிட்டு ‘மணல் வளையன்’ என்று மாற்றிக் கொடுத்தேன். இது எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடித்ததால் டீக்கடையில் வலிய இழுத்து நாலு பேரிடம் சொன்னேன். காய்கறி லாரி ஓட்டுகிற ஒருவர், “அது ஊட்டியில இருக்குதுங்களா?” என்று கவலையாகக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு அந்தப் பாம்பின் மேலிருந்த அக்கறையே போய்விட்டது.

அச்சுக்குப் போகும் நேரத்தில் மறுபடி போன் வந்தது.

“சார், ஒரு சிக்கல். ஒரே இனம்னு நினைச்சிருந்தது ரெண்டு இனமாம். ஆராய்ச்சியாளருங்க பிரிச்சிட்டாங்க. பழைய பெயர் இன்னொண்ணுக்குப் போயிடுச்சு, அதோட நம்ம ‘மணல் வளையனும்’ போயிடுச்சு.”

“அப்ப நம்ம படத்துல இருக்கிறது?”

“அது புது இனம் சார். உடம்பு வளையத்தை எண்ணி, செதிலை எண்ணித்தான் வித்தியாசம் சொல்ல முடியுமாம்.”

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பள்ளியில் வேறு பெயரில் சேர்த்துவிட்டதைப் போலப் பேசினேன். செதிலில் என்ன இருக்கிறது, பார்த்தால் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று, இரண்டையுமே பார்த்திராத நான் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வேற பேர் யோசிங்க சார்” என்றார்.

யோசித்தேன். ‘வளைமணலன்’, ‘மணல்வரியன்’, ஒரு பலவீனமான நேரத்தில் ‘சின்ன மணல் வளையன்’. புது இனம்தான் பழையதைவிட நீளமான பாம்பு என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் அவர்களே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு ஒட்டகத்தைப் போட்டார்கள். ஒட்டகத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால், மனைவி டீ போட்டு முடிப்பதற்குள் மொழிபெயர்த்துவிட்டேன்.