டாலியின் முடியை அப்பா வெட்டிய கதை

பதினைந்து வருஷம் ஒருவர்மீது வைத்திருந்த கோபம் தப்பான கோபம் என்று ஒரு நாள் தெரிந்துபோனால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு இன்னும் தெரியவில்லை. கோபம் என்னவோ போகவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, அந்த வீட்டார் டெல்லிக்கு மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற நாயைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கூடையைத் திறந்து பார்த்த அம்மா, "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்பா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். உடம்பு தலையணை அளவே இருந்தது. நடு முதுகில் வகிடு எடுத்ததுபோல் முடி இரண்டாகப் பிரிந்து தரையைத் தொட்டது. கண் எங்கே என்று தேட வேண்டும். வாலும் முதுகின் மேல் சுருண்டு கிடந்ததால் அந்தப் பக்கத்தையும் முகம் என்று நினைக்க இடமிருந்தது. லாசா என்னும் திபெத்து ஜாதி, மடியிலேயே வளர்வது, பெயர் டாலி என்றார் மாமா.

டாலியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பால்சோறு வைத்தால் சோற்றை ஒதுக்கிவிட்டுப் பாலை மட்டும் நக்கும். தாடியெல்லாம் பாலாகும். தெருநாயைக் கண்டால் வாய் திறக்காது. எதிர்வீட்டு அத்தை வந்தால் ஊரையே கூட்டும். அதன் முன்முடியை உச்சியில் சேர்த்து, கழிவுப் பட்டுநூலால் முடிந்துவிடுவேன். "அப்படியே பூ வெச்சு வுடுடி, பொண்ணு பாக்க வரப்போறாங்க" என்பாள் எதிர்வீட்டு அத்தை. அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தறிப்பக்கம் டாலி வரக்கூடாது. ஒரு முடி இழையோடு சேர்ந்துவிட்டால் சேலை கெட்டுவிடும்.

வெயில் காலம் வந்தது. டாலியின் காதுக்குப் பின்னாலும் வயிற்றிலும் சிக்கு விழுந்து சீப்பு இறங்கவில்லை. எனக்கோ சிக்கெடுக்கும் வழி தெரியும். தினமும் பார்ப்பதுதானே. சேலைக்கான பாவு நூலைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசித் தடவிக் காயவிடுவார்கள். ஒட்டிக்கிடந்த ஆயிரம் இழையும் தனித்தனியாக நிற்கும். நூலுக்கு ஆவது முடிக்கு ஆகாதா? ஒரு சனிக்கிழமை, மிச்சக் கஞ்சியை எடுத்துவந்து டாலிக்கு முழுக்கப் பூசி, வாரி, மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். முடி விறைப்பாக அழகாக நின்றது. எல்லாருக்கும் காட்டுவதற்குள் அம்மா அவசரப்படுத்தி, ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப்போய்விட்டாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் திரும்பியபோது தெருமுனையிலேயே எதிர்வீட்டு அத்தை கேட்டாள். "எந்தக் கோயில்லடி மொட்டை போட்டுக்கினு வந்துச்சு உன் நாய்?"

டாலி இருந்த இடத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஏதோ நடுங்கிக்கொண்டு நின்றது. தோலில் அங்கங்கே சிவந்து தடித்திருந்தது. கத்தரிக்கோல் பட்ட காயம் என்று நானே முடிவு கட்டினேன்.

"வெயில் தாங்கலம்மா அதுக்கு. அதான் எடுத்துட்டேன்" என்றார் அப்பா.

"என்னைக் கேட்டியாப்பா?"

"நீ ஊர்லயே இல்லியேம்மா."

இதுதான் அவர் சொன்ன சமாதானம். அந்த வாரம் பள்ளியில் தந்தையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'என் தந்தை நெசவாளர். அவர் வாயில்லாப் பிராணியைத் துன்புறுத்துவார். அதற்காக வருந்தவும் மாட்டார்' என்று எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டச் சொல்லியிருந்தார் டீச்சர். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே உரக்கப் படித்தேன். அப்பா தறியை நிறுத்திவிட்டு, பாவு நூலையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "கையெழுத்து குண்டுகுண்டா நல்லாருக்குதும்மா" என்றார். மறுபடி தறி ஓடத் தொடங்கியது. வெட்கம்கூட இல்லை என்று நினைத்தேன்.

டாலிக்கும் ரோஷமில்லை. மொட்டையடித்தவரின் காலடியில், போகவே கூடாது என்றிருந்த தறியடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவரும் விரட்டவில்லை.

முடி வளர்ந்துவிட்டது. கோபம்தான் தங்கிவிட்டது. படிப்பானாலும் மாப்பிள்ளையானாலும், "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மொட்டை நாய் ஞாபகம் வரும். ஒன்றையும் நம்ப மாட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

போன மாதம் என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் வந்து தணிந்தபோது தலையெல்லாம் சிக்கு. எண்ணெய் வைத்தால் சளி பிடிக்குமோ, சீவினால் வலிக்குமோ, வெட்டினால் ஏதும் ஆகுமோ என்று தவித்து அம்மாவைக் கேட்டேன். அம்மா சிரித்தாள்.

"எது வேணா போடு. டாலிக்குப் போட்ட மாதிரி கஞ்சி மட்டும் போட்டுடாதே."

என்ன கஞ்சி, என்ன ஆயிற்று என்று நான் விடாமல் கேட்கவே, வேறு வழியில்லாமல் முழுவதும் சொன்னாள். நாங்கள் கல்யாணத்துக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கஞ்சிக்கு எறும்பு ஏறிவிட்டதாம். முடி பலகைபோல் ஒட்டிக்கிடக்க, உள்ளே எறும்பு கடிக்க, டாலி அலறிக்கொண்டு ஓடியதாம். அப்பா அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுநாள் முழுக்கத் தறியை விட்டுவிட்டு, அறுந்த இழையைச் சேர்க்கும்போது செய்வதுபோல விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு முடியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நான் திரும்புவதற்குள் பழையபடி ஆக்கிவிட வேண்டுமாம். முடியவில்லை. அதன்பிறகுதான் கத்தரிக்கோல்.

"பாப்பாகிட்ட சொல்லாதே, மனசு ஒடஞ்சிடும்னாரு. திட்டுனா என்னையே திட்டிக்கினு போவட்டும்னாரு" என்றாள் அம்மா.

எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். யார் கேட்டார்கள் இதை? சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன். அதோடு போயிருக்கும். என் மனசு உடையாமல் காப்பதாக நினைத்து, பதினைந்து வருஷம் என் அப்பாவை என்னிடமிருந்து ஒளித்துவைத்துவிட்டார்கள். கட்டுரை படித்த அன்று அவர் ஏன் பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்பது அந்த ஒன்பது வயதுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அம்மா சொல்லவில்லை. பேத்தியைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சொன்னால், இத்தனை வருஷம் அவர் கட்டிக்காத்ததை நான் பிடுங்கிக்கொள்வதாக ஆகுமோ? சொல்லாவிட்டால், அவர் எனக்குச் செய்ததையே நானும் அவருக்குச் செய்கிறேனோ? இதைப் படிப்பவர்களில் பெண் குழந்தை பெற்ற அப்பாக்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உங்களிடம் வந்து உங்கள் மகள் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?