இருமினால் உள்ளே விடமாட்டார்

எங்கள் பக்கம் சொந்தத்தில் ஒரு குழந்தை பிறந்தால் பார்க்கப் போகாமல் இருந்துவிட முடியாது. போகாவிட்டால், "எட்டிக்கூடப் பாக்கல" என்ற பேச்சு அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகும் வரை ஓடும். அதனால் காய்ச்சலோ இருமலோ, மூக்கைத் துடைத்துக்கொண்டாவது வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? குழந்தையைத் தூக்கி, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சினால்தான் அவர்களுக்கு வந்த திருப்தி. பிரசவ வார்டு நர்சான எனக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போன வருட மழைக்காலத்தில் அப்படிச் சளியோடு வந்து கொஞ்சிவிட்டுப் போன ஒரு சித்தப்பாவின் புண்ணியத்தில், ஒரு பச்சைக்குழந்தை மூச்சுவிடத் திணறியது. ஆம்புலன்ஸில் திருச்சிக்கு அனுப்பி, எப்படியோ பிழைத்து வந்தது. அதற்குப் பிறகுதான் அரியலூரில் இருக்கும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில், சளி இருமல் உள்ளவர்களை வார்டுக்குள் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். சட்டம் போடுவது சுலபம். வாசலில் நின்று திட்டு வாங்குவது யார்? வாசல் காவலுக்கு நிற்கும் மருதாயி அக்காதான்.

அக்கா குன்னத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சேலைக்கு மேலே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாரென்றால் அவரைத் தாண்டி ஒருவரும் போக முடியாது. கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகள் கீதாஞ்சலியை வளர்த்து, உடையார்பாளையத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தவர். குரல் மட்டும் ஒலிபெருக்கி முழுங்கிய மாதிரி இருக்கும்.

அந்தக் குரலை வைத்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தாங்கள் வந்தது கணக்கில் சேராமல் போய்விடுமோ என்ற பயம்தான் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பெரிது. அதனால் வார்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்த்து அறிவிப்பார்.

"வேப்பந்தட்டை பஞ்சநாதன் அண்ணன் வந்துருக்காரு! பழம் குடுத்துட்டாரு. சளி புடிச்சிருக்கு, அதான் வெளிய நிக்கிறாரு. எல்லாரும் கேட்டுக்கங்க!"

வார்டு முழுக்கச் சாட்சி. பஞ்சநாதனும் நிம்மதியாக பஸ் ஏறிவிடுவார்.

இதே குரல் ஒருநாள் அக்காவின் குடும்பத்துக்கே வேட்டு வைத்தது. கீதாஞ்சலியின் மாமியார் ரத்தினம்மாள், தன் தங்கை மருமகளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தார். பட்டுச்சேலை, கூடவே நாலு பேர், ஓயாத தும்மல். சம்பந்தி நிற்கும் வாசலில் நமக்கென்ன தடை என்று நுழையப் போனவரை அக்கா கை நீட்டி நிறுத்தினார். அதோடு விட்டாரா?

"எங்க சம்மந்தியம்மா வந்துருக்காங்க! மூக்கு ஒழுகுது, விடமாட்டேன்னுட்டேன், கேட்டுக்கங்க!"

வார்டே சிரித்துவிட்டது. அக்கா என்னவோ பெருமையாகத்தான் சொன்னார். ரத்தினம்மாளுக்கு நாலு பேர் முன்னால் மானம் போனது.

அது கீதாஞ்சலியின் வளைகாப்பில் வெடித்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. "எங்க வூட்லயே இருக்கட்டும்" என்று ரத்தினம்மாள் சொல்லிவிட்டார். கீதாஞ்சலியும் அம்மாவை விட்டுக்கொடுத்துவிட்டாள். "நிறுத்துனது சரிம்மா. ஊருக்கே கேக்கற மாதிரி கத்தணுமா?" என்று கேட்டவள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. அக்கா வீறாப்பாகத்தான் திரிந்தார். ஆனால் டீ குடிக்க உட்காரும்போதெல்லாம், "வயித்துல புள்ளயோட இருக்கறவள கண்ணுலகூட காட்ட மாட்டேங்கறாங்க சிஸ்டர். புள்ளயையாவது காட்டுவாங்களா?" என்று என்னிடம் கேட்பார்.

கார்த்திகை மழையில் கீதாஞ்சலியை எங்கள் ஆஸ்பத்திரிக்கே பிரசவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொடுமையைப் பாருங்கள், அந்த வாரம்தான் அக்காவுக்குப் பலமான இருமல். லீவு போட்டிருந்தார். வாசலில் வேறு ஆள் நின்றார்.

காலையில் பெண்குழந்தை பிறந்தது. நான்தான் போன் செய்து சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஆனால் வார்டுப் பக்கம் வராமல், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பைக் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒரு நர்ஸ் சொல்லக்கூடிய பேச்சா அது? சொல்லிவிட்டேன்.

"தள்ளி நில்லுங்க சிஸ்டர்" என்று சீறினார். "இப்ப நான் போனா, அன்னைக்கி அந்தம்மாவ அவமானப்படுத்தத்தான் நிறுத்துனேன்னு ஆயிடாதா? அதவுடுங்க, பச்ச ஒடம்பு அது. எஞ்சளி அதுக்கு எதுக்கு?" சொல்லும்போதே அழுதுவிட்டார். "நான் வந்ததச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எம்பொண்ணு எந்திரிச்சு ஓடியாந்துடும்."

ஊரார் வரவையெல்லாம் கத்திச் சொன்ன மனுஷி, தன் வரவை மறைக்கச் சொல்கிறார். கோபமும் பரிதாபமுமாக உள்ளே போனேன்.

அங்கே ரத்தினம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இருமலில் லீவு போட்டிருப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "இப்ப வருவாங்க பாருங்க. தம்பொண்ணுன்னா ரூல்ஸ் எல்லாம் பறந்துடும்" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். மதியம் போய்ச் சாயங்காலமும் ஆயிற்று. யாரும் வரவில்லை. கீதாஞ்சலி குழந்தையை அணைத்துக்கொண்டு, "வாசல் வரைக்கும்கூட வரலயே. எங்கம்மாவுக்கு எம்மேல இன்னும் கோவம் தீரல" என்று விசும்ப ஆரம்பித்தாள்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்து காட்டினேன். "அந்தா உக்காந்துருக்காங்க, காலையிலேருந்து. சளியோட உள்ள வர மாட்டாங்களாம்." எழப் போனவளைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.

ரத்தினம்மாள் எழுந்து வந்து வெகுநேரம் பார்த்தார். பிளாஸ்க்கில் வெந்நீரை ஊற்றி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். சண்டை வந்தால் விலக்க ஆள் வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன்.

பைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் பிளாஸ்க்கை வைத்துவிட்டு ரத்தினம்மாள் நாலடி தள்ளி நின்றார்.

"புள்ள நல்லாருக்கு சம்மந்தி. இருமல் நிக்கட்டும். நின்னதும் பொண்ணையும் புள்ளையையும் உங்க வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க."

மருதாயி அக்கா எழுந்தார். சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொள்ள இரண்டடி எடுத்து வைத்தவர், சட்டென்று நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கி நான் அப்புடிக் கத்தியிருக்கக் கூடாது சம்மந்தி."

"அது கெடக்கு, வுடுங்க" என்றார் ரத்தினம்மாள். "ஆறிடப் போவுது, வெந்நியக் குடிங்க."