இருபத்தெட்டாவது வெடி

"டீச்சர், நாலேழு எப்பவுமே இருபத்தெட்டுதானா? ஒண்ணு வராமப் போச்சுன்னா?"

நான்காம் வகுப்பு சாவித்திரி இப்படிக் கேட்டபோது, ஓட்டிலிருந்து உதிர்ந்த தூசி என் மேஜைமேல் இன்னும் படிந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். பர்கூர் பக்கம், கல் குவாரிக்கு எதிரில், ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். மதியம் குவாரியில் வெடி வைப்பார்கள். ஜன்னல் கம்பி அதிரும்... பிள்ளைகள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொள்வார்கள்.

"வாய்ப்பாடு தப்பாதும்மா, உட்காரு" என்றேன்.

இன்று நினைத்தாலும் கூசுகிறது. ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாலேழு என்றால் ஏழு ஏழாக நாலு வரிசை என்று ஒருநாளும் அடுக்கிக் காட்டியதில்லை.

அவள் உட்காரவில்லை.

"காலையில எங்கம்மா சொல்லுச்சு டீச்சர். இன்னிக்கி நாலு வரிசை, வரிசைக்கு ஏழு குழின்னு. ஏழு வெடிச்சுது, பதினாலு, இருபத்தொண்ணு... கடைசி வரிசையில ஆறுதான் கேட்டுச்சு."

அவள் அம்மா முனியம்மா அந்தக் குவாரியில் கல் சுமப்பவர். வெடித்து முடிந்ததும் விசில் ஊதுவார்கள். பெண்கள் கூடையோடு உள்ளே இறங்குவார்கள்.

அப்போது விசில் கேட்டது.

பக்கத்து வகுப்பு சாரிடம் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

குவாரியில் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. வெள்ளைத் தூசி. பள்ளத்தின் விளிம்பில் கூடைகளோடு நின்ற பெண்களில் யாருக்கும் முகமே இல்லாததுபோல் இருந்தது. "முனியம்மா!" என்று கத்தினேன். வெள்ளை உருவங்களில் ஒன்று மெல்லத் திரும்பியது.

சாவித்திரி எண்ணியதில் ஒரு வெடி குறைவதை மூச்சு வாங்கியபடியே சொன்னேன். குவாரி மேஸ்திரி சிரித்தார்.

"இங்கயும் பாடம் எடுக்க வந்துட்டீங்களா டீச்சரம்மா? ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும். எறங்குங்கம்மா, நேரமாவுது."

முனியம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"எம்மவ எண்ணியிருக்கா மேஸ்திரி. நீ எண்ணுனியா?"

"பத்து வருசமா எண்ணுறேன், என்னையே கேக்கறியா?"

"இன்னிக்கி எண்ணுனியா?"

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். எந்தப் பெண்ணும் இறங்கவில்லை.

தூசி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முதல் வரிசை நொறுங்கிக் கிடந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான். நான்காவது வரிசையின் ஓரத்தில் மட்டும் ஒரு பாறை, அசையாமல், தனியாக நின்றது. அதன் குழியிலிருந்து நூல்போலப் புகை...

எல்லோரும் முகத்தைத் திருப்பாமல், பின்னாலேயே காலை எடுத்துவைத்து நகர்ந்தோம். மேஸ்திரியும்தான்.

அன்று முழுக்க அது வெடிக்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் வந்தும் எல்லோரும் அந்தத் திசையிலேயே காதைச் சாய்த்து நின்றோம். மறுநாள் வெடி தெரிந்த ஆட்கள் வந்து தண்ணீர் ஊற்றி மருந்தை எடுத்தார்கள்.

இப்போது அந்தப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. என் பேத்தியின் போனில் ஒரு பெண்குரல் மூச்சுவிடாமல் ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறது. ஒன்றும் தவறுவதில்லை. ஆனாலும் மூவேழு இருபத்தொன்று வந்ததும் நான் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்...

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இருபத்தேழு புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஏழு ஏழாக வரிசை வைக்கச் சொல்லுங்கள்.