தறி நின்றதும் ஏறச் சொன்னேன்

மரம் கழிப்பதுதான் எங்கள் தொழில். வீடு, மில், கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் என்று எங்கே ஒரு கொப்பு கூரையிலோ கம்பியிலோ சாய்ந்தாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். நானும் என் அக்கா வீட்டுக்காரரும் இரண்டே பேர். மச்சான் மேலே ஏறுவார். நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். எந்தக் கொப்பு, எந்த இடத்தில், எந்தப் பக்கம் விழவேண்டும் என்று சொல்வதும் நான், வேலை பேசி முடிப்பதும் நான். பத்து வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவர் ஏன் என்று கேட்டதில்லை. அது என்னமோ எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பரளச்சிப் பக்கம். அங்கே காட்டில் நிற்பதெல்லாம் சீமைக்கருவேலம்; அதைக் கழிக்க யாரும் காசு கொடுத்து ஆள் கூப்பிட மாட்டார்கள். அருப்புக்கோட்டை வந்தால்தான் ஒரு வேப்பமரத்துக்கு இத்தனை பேச்சு. "மொத்தமா மொட்டை அடிச்சு விட்ருங்க" என்பார்கள் வீட்டுக்காரர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மரம் என்ன முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டதா? மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தாங்காது என்பேன். கொப்பை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லையென்றால் முறிகிறபோது பட்டையை உரித்துக்கொண்டு போய்விடும் என்பேன். நான் பாடம் நடத்த ஆரம்பித்தால் மச்சான் மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

கம்பி ஓரத்து மரங்களை மட்டும் தனியாக ஒதுக்கி வைப்போம். மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அந்த வேலையெல்லாம் அன்றைக்குத்தான். ஒன்பது மணி என்று சொல்வார்கள். சில மாதம் முன்னே போகும், சில மாதம் பின்னே போகும். போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு வழி வைத்திருந்தேன். விசைத்தறி ஓடுகிற தெருக்களில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருக்கும் தறிச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். கரண்டு இல்லை, ஏறலாம். கிராமத்திலிருந்து வந்தவன் டவுன்காரனுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. கம்பியில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் சாமான் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

அப்படி ஒரு நிறுத்த நாளில் முதல் மரம், தறித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற வேம்பு. மழைக்காலம் தொடங்குவதற்குள் கழித்துவிடச் சொல்லியிருந்தார்கள். தெருக்கம்பிகள் அதன் கொப்புகளுக்குள் புகுந்து போயிருந்தன. எட்டே முக்கால் இருக்கும். மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கு முடிக்கவேண்டிய மற்ற மரங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தெரு அமைதியானது.

"கரண்டு போயிருச்சா மாப்ள?"

"தறி நின்னுருச்சுல்ல. ஏறுங்க மச்சான்."

ஏறிவிட்டார்.

கீழ்க்கொப்புகளைக் கழித்து முடித்து, கம்பிக்கு மேலே கிடந்த பெரிய கொப்புக்குப் போனார். கரண்டை நிறுத்துகிற நாளில் நாங்கள் செய்கிற முறை ஒன்றுதான். இடது கையால் கம்பியை விலக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் அரிவாளைப் போடுவார். நூறு தடவை செய்திருக்கிறார். நான் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றேன்.

அப்போது மொட்டைமாடியிலிருந்து சடசடவென்று தண்ணீர் கொட்டியது. மேல்தொட்டி நிறைந்து வழிகிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வளர்ந்தவன் நான். தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கார அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"அக்கா, டேங்கு நெறஞ்சு வழியுது! மோட்டார அமத்துங்க!"

சொல்லி வாயை மூடவில்லை, என் சொல்லே எனக்குத் திரும்பக் கேட்டது. மோட்டார் ஓடுகிறது.

மேலே பார்த்தேன். மச்சானுடைய இடது கை கம்பியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கத்தினால் என்னவென்று திரும்பிப் பார்ப்பார், கை அதுபாட்டுக்குக் கம்பியில் பட்டுவிடும். கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தேன். மெஷின் ரம்பம் ஓடும்போது பேச்சுக் கேட்காது என்பதால் நாங்கள் வைத்துக்கொண்ட அடையாளம் அது. இரண்டு இழுத்தால் அப்படியே நில் என்று அர்த்தம்.

கை நின்றது. கம்பிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்த இடைவெளியை இப்போதும் என்னால் அளந்து காட்ட முடியும்.

இறங்கச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் இறங்கி வருவதற்குள் வெட்டிப் போட்ட கொப்புகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாப்ள, எதுக்கு இழுத்த? வேல பாதியில நிக்கிது."

மோட்டாரை அமர்த்திவிட்டு வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்தார். மரத்தையும் எங்களையும் பார்த்துத் திகைத்துப்போனார்.

"அய்யய்யோ, அதுக்குள்ளயா ஏறுனீக? கரண்டு இன்னும் போகலயே. உள்ள ஃபேனு ஓடுதே!"

"தறி நின்னுருச்சேக்கா" என்றேன்.

"பின் தெருவுல ஒரு பெரியவுக இப்பத்தான் தவறிட்டாக. கேதம் விழுந்தா தூக்குற வரைக்கும் சுத்துவட்டாரத்துல யாரும் தறி ஓட்ட மாட்டாகள்ல. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்தத் தெருக்களில் இத்தனை வருஷம் மரம் கழித்தவனுக்கு அது தெரியாது. அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. கரண்டு போனால் எல்லாத் தறியும் ஒரே நொடியில் நிற்கும். அன்றைக்கு அப்படி நிற்கவில்லை. செய்தி வீடு வீடாகப் போகப்போக முதலில் தூரத்தில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு பக்கத்து வீடு என்று ஒவ்வொன்றாகத்தான் அடங்கின. என் காதில் அது விழுந்தது. நான் கவனிக்கவில்லை. இப்போது தெரு அமைதியாக இருந்ததால், பின்னாலிருந்து பெண்கள் அழுகிற சத்தமும் கேட்டது.

மச்சானுக்கு விளங்கிவிட்டது. கம்பியைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை, வேப்பம்பிசின் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பனியனில் துடைத்துக்கொண்டார். அவர் என்னை ஓங்கி ஓர் அறை விடவேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

"ஒங்கக்காட்ட மட்டும் சொல்லிராத" என்றார். அவ்வளவுதான்.

ஒன்பது பத்துக்கு வீட்டுக்குள் ஃபேன் நின்றது. "இப்பப் போயிருச்சு" என்று அந்த அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நான் எழுந்து டெஸ்டரை எடுக்கப் பெட்டியிடம் போனேன். கொத்தில் அதற்கு எந்தச் சாவி என்று தேட வேண்டியிருந்தது.

மச்சான் மறுபடியும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். ஒரு காலைத் தூக்கி மரத்தில் வைத்தார். அவர் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, கம்பியையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, எப்போதும் போல, கேட்டார்.

"போயிருச்சா மாப்ள?"