அப்பளப் பலகையை விட்டு எழும்போது

அப்பளம் இடுகிறவளுக்குக் கைதான் வலிக்கும் என்று நினைப்பார்கள். இட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கஷ்டமெல்லாம் எழுந்திருப்பதில் இருக்கிறது. காலை மடக்கி வெகுநேரம் இட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், சுவர் சுற்றும். உங்களுக்கும் உண்டுதானே? என்னை நோயாளி என்று எண்ண வேண்டாம். இரண்டு குடம் தண்ணீரை ஒரே நடையில் கொண்டுவருவேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவை மதினி என்பேன்; ஆரியசாலையில் அவள் வீட்டில்தான் இந்த வேலை. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருக்கிறார். மகனுக்கு மூன்று மாதமாகும்போது கப்பலேறினார்.

மழை

எங்கள் ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. முற்றத்தில் அப்பளம் காய்கிறபோது முதல் துளி விழுந்தது. துள்ளி எழுந்தேன், ஓடினேன், நடு முற்றத்தில் எல்லாம் கறுப்பாகிவிட்டது. கண் தெளிந்தபோது ஒரு பாய் அப்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். மதினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கையால ஒடைச்சுப் பாத்திருக்கேன், பல்லால ஒடைச்சுப் பாத்திருக்கேன், உக்காந்து ஒடைச்சத இன்னைக்குத்தான் பாக்கேன்!"

வலியசாலை மாமி

கல்யாணத்துக்கு அப்பளம் சொல்ல வலியசாலையிலிருந்து ஒரு மாமி வந்தாள். குரல் கேட்டதும் எழுந்து, தள்ளாடி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். மாமி என் வயிற்றையே பார்த்தாள். "எத்தனை மாசம்டிம்மா?" என்றாள்.

அவர் போய்ப் பதினோரு மாதம். வெட்கம் ஒரு பக்கம். அப்படி இருக்கக் கூடாதா, அவர் பக்கத்தில் இருக்கக் கூடாதா என்ற ஏக்கம் ஒரு பக்கம். உள்ளேயிருந்து மதினிதான் பதில் சொன்னாள்.

"தம்பி கொழும்புலேருந்து கடுதாசிதான் மாமி அனுப்புகான், அதுல உண்டாகுமா?"

வைத்தியர்

இனிப் பொறுக்காது என்று மதினி என்னைப் பழவங்காடியில் ஒரு மலையாள வைத்தியரிடம் கூட்டிப்போனாள். நாடி பார்த்தார். ரத்தம் காலிலேயே நின்றுவிடுகிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். வெறும் வயிற்றோடு உட்காராதே, உப்புப் போட்ட மோர் குடி. எழும்முன் காலை நீட்டிப் பாதத்தை ஆட்டு, சுவரைப் பிடித்து எழுந்து கொஞ்சம் நில், பிறகு நட. அவ்வளவுதான் வைத்தியம். அப்படி என்ன அவசரமாக எழுகிறாய் என்று கேட்டார். தபால்காரர் வரும் நேரம் இவளைப் பிடிக்க முடியாது என்று மதினி சொல்லிவிட்டாள்.

"மோளே, கடுதாசி ஓடிப்போகாது, பைய எழுந்தா மதி" என்றார். மகளே, மெதுவாக எழுந்தால் போதும் என்கிறார்.

வாசலில் ஒரு குரல்

ஒரு மாதம் பழகினேன், சுற்றல் குறைந்தது. ஒரு நாள் காலை வாசலில் அவர் குரல். முன்னால் கடிதம்கூட இல்லை. உடம்பு துள்ளத்தான் பார்த்தது. ஆனால் இத்தனை நாள் காத்திருந்து, வந்த முகத்தை இருட்டில் பார்ப்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினேன். பாதத்தை ஆட்டினேன். அதற்குள் அவர் உள்ளேயே வந்துவிட்டார்.

"ஏட்டி, ஒரு வருசம் கழிச்சு ஒருத்தன் வந்து நிக்கான், நீ உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கியே!"

பத்தே நாளில் அவர் மறுபடி தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிவிட்டார். நான் இப்போது தபால்காரர் குரலுக்குக்கூடப் பையத்தான் எழுகிறேன், காலை நீட்டி ஆட்டுகிற அந்த நேரம்தான் ஒரு பகல் மாதிரி நீளுகிறது.